இதயத்திற் காணாத நோய்



1861ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்குமிடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. நான்கு ஆண்டுகள் நீடித்த அந்த யுத்தத்திலே குண்டுபட்டு மாண்டவரிலும் நோயுற்று மாண்டவரே அதிகம். காய்ச்சலும் வயிற்றுளைவும் கண்டு வைத்தியசாலைகளை நிறைத்த போர்வீரரிடையே, இன்ன நோயென்று சொல்லத் தெரியாத ஒருவகை நோயாளரும் வந்து சேர்ந்தனர். அவர்களிற் பலர் சில காலத்துக்குமுன் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு, தேறி, மீண்டும் பாசறைக்குச் சென்றவர்கள். அங்கே அணியோடு நடக்க முற்பட்டதும் நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டது, மூச்சு முட்டியது, மார்பிலே குத்து எழுந்தது, தலை சுற்றியது. சிலர் நித்திரையிலிருந்தே அந்தப் படபடப்போடு திடுக்கிட்டு விழித்தனர். இப்படிப்பட்டவனைப் படைத் தளபதி கோழையென்றோ கள்ளனென்றோ எண்ணினால் அதில் வியப்பில்லை. பார்வைக்கு அவன் நல்ல சுகதேகியாகவே இருந்தான்.

இந்நோயாளரைப் பொறுமையோடு ஆராய்ந்தவர் யாக்கோப் மென்டெஸ் டா கொஸ்தா என்னும் வைத்தியர். 1833இல் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய சென் தோமசிற் பிறந்து, பிலடெல்பியா நகரிலே வைத்தியத் தொழில் புரிந்தவர். அந்நகரின் டேர்னர்ஸ் லேன் இராணுவ வைத்தியசாலையில் இத்தகைய வீரர்கள் அவருடைய பராமரிப்பில் இருந்தார்கள். ஏறத்தாழ 300 பேரைக் கண்டு எழுதிய குறிப்புகளை அவர் 1871இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ‘எளிதிற் சினங்கொள்ளும் இதயம்’ என்று பொருள்படும் ஒரு பெயரை அந்நோய்க்கு இட்டார். நாடியை எண்ணிப் பார்த்தார். மார்பிலே காதுவைத்துக் கேட்டார். நிற்கும்போதும் படுக்கும்போதும் இதயத்துடிப்பு எவ்வாறு மாறுகிறதென்று குறித்துக்கொண்டார். இதயத்தின் வால்வுகளிலே பழுதொன்றும் அவருக்குப் புலப்படவில்லை. ஆயினும், நோயாளர் பொய் சொல்கின்றனர் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. உறுப்பிலே கேடில்லை, அதன் தொழிற்பாட்டிலேதான் கேடு என்றார். படுக்கையில் ஓய்வு கொடுத்து, டிஜிட்டாலிஸ் முதலான மருந்துகளை வழங்கினார். நோயின் காரணத்தை அவர் சரியாகக் கண்டாரென்று சொல்வதற்கில்லை. தமக்கு விளங்காததை இல்லையென்று தள்ளிவிடாமல் எழுதிவைத்தாரே, அதுவே அவர் செய்த பெரும் உபகாரமென்பது என் எண்ணம்.

அக்காலத்து வைத்தியர் எல்லோரும் அவ்வளவு அவதானத்தோடு நடந்துகொண்டனர் என்பதற்கில்லை. பிரித்தானியப் படையிலும் இதே முறைப்பாடு இருந்தது. மயர்ஸ் என்னும் இராணுவ வைத்தியர், போர்வீரரின் இறுக்கமான சட்டையும் மார்பிலே குறுக்காக இழுத்துக் கட்டிய வார்களுமே இதயத்தை நெருக்குகின்றன என்று 1870இல் எழுதினார். இன்று வாசிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆனால் நெஞ்சிலே நோவென்றால் நெஞ்சுக்கு மேலே இருப்பதைப் பார்ப்போம் என்று எண்ணியவரை முற்றாகக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை.

டா கொஸ்தாவின் கட்டுரை வந்த அதே காலத்தில், பெர்லின் நகரிலே வெஸ்ட்பால் என்னும் மனநோய் வைத்தியரிடம் வேறொரு முறைப்பாடு வந்தது. நகரத்தின் அகன்ற சதுக்கத்தைக் கடக்க முடியவில்லை என்றனர் அவருடைய நோயாளர். வெறிச்சோடிய வீதியிலே தனியே நடக்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உடல் நடுங்குகிறது. துணைக்கு ஒருவர் வந்தால் அச்சம் குறைகிறது என்றனர். பண்டைக் கிரேக்கர் சந்தைவெளிக்கு வழங்கிய ‘அகோரா’ என்ற சொல்லைக்கொண்டு வெஸ்ட்பால் இதற்கு ‘அகோரபோபியா’ எனப் பெயரிட்டார். வெளியச்சம் என்று நாம் சொல்லலாம். பிலடெல்பியாவில் இதய நோய், பெர்லினில் மனநோய். இரு வைத்தியரும் ஒரே துன்பத்தின் இரண்டு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்பது பின்னொரு நூறாண்டு கழிந்தபின்னரே தெளிவாயிற்று.

1895இல் வியன்னா நகரத்துச் சிக்மண்ட் புரொய்ட் இவற்றை ஒன்றுசேர்க்க முயன்றார். அந்நாளிலே நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் எல்லாவகை மனச்சோர்வையும் ஒரே சாக்கிற் போட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. அச்சாக்கிலிருந்து ‘அச்ச நரம்புநோய்’ என ஒன்றைப் பிரித்தெடுத்தார் புரொய்ட். திடீரென வரும் அச்சத்தாக்கு, நெஞ்சுப் படபடப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வியர்வையாகவோ தலைச்சுற்றலாகவோ தோன்றலாம் என அவர் வரைந்த சித்திரம் இன்றைக்கும் பெரும்பாலும் பொருந்தும். நோயின் காரணத்தைப் பாலுணர்ச்சியின் தடையிலே தேடினாரே, அது நிலைக்கவில்லை.

பின்னர் வந்தது 1914ஆம் ஆண்டின் மகாயுத்தம். பிரித்தானிய வீரர் ஆயிரக்கணக்கில் இதயநோயாளர் எனப் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களைப் பரிசோதிக்கும் பொறுப்பு தோமஸ் லூயிஸ் என்பவரிடம் வந்தது. இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் கருவியைக் கையாள்வதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே. ஹாம்ஸ்டெட்டிலும் பின்னர் கொல்செஸ்டரிலும் அமைந்த இராணுவ இதய வைத்தியசாலைகளில் அவர் கண்டது என்ன? அவ்வீரரிற் பெரும்பாலோருடைய இதயம் நன்றாகவே இருந்தது. எனவே படுக்கையில் கிடத்துவதை நிறுத்தினார். படிப்படியாகக் கடினமாகும் தேகப்பயிற்சியைக் கொடுத்தார். பயிற்சியைத் தாங்கியவர்கள் மீண்டும் கடமைக்குச் சென்றனர், தாங்காதவர்கள் விலக்கப்பட்டனர். 1918இல் வெளியான தமது நூலில் இந்நிலையை ‘முயற்சி நோய்த்தொகுதி’ என்று அழைத்தார். உடலை வருத்தி முயலும்போது தோன்றுவது என்பது அதன் கருத்து. சும்மா அமர்ந்திருக்கும்போதும் நித்திரையிலும் தோன்றும் தாக்கை அப்பெயர் விளக்கவில்லை.

அதை விளக்கக்கூடிய ஓர் உண்மை அதற்குள் வேறோரிடத்தில் வெளியாகியிருந்தது. அமெரிக்க உடற்றொழிலியலாளர் வால்டர் கனன், அச்சமும் சினமும் எழும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கின்றன என்றும், அதனால் இதயம் விரைந்து அடிக்கிறது என்றும் 1915இல் எழுதியிருந்தார். புலியைக் கண்ட மனிதன் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் செய்யும் ஆயத்தம் அது. புலியே இல்லாதபோது அதே ஆயத்தம் நிகழ்ந்தால்?

இரண்டாம் மகாயுத்தத்தின்போது இக்கேள்வியை நேராக எதிர்கொண்டவர் போல் வூட் என்னும் இதய வைத்தியர். 1941இல் அவர் ஆற்றிய விரிவுரைகளிலே, இந்நோய்க்குறிகள் கடும் உழைப்பால் வரும் குறிகளை ஒத்தனவல்ல, அச்சத்தால் வரும் குறிகளையே ஒத்தன என்று ஒப்பிட்டுக் காட்டினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. தன் இதயம் பழுதடைந்துவிட்டது என்ற நம்பிக்கை நோயாளன் மனத்தில் ஊன்றிவிடுகிறது. அந்நம்பிக்கை மேலும் அச்சத்தை விளைக்கிறது. அச்சம் மேலும் படபடப்பை விளைக்கிறது என்றார். அந்த நம்பிக்கைக்கு நீர் வார்ப்பதில் வைத்தியர்களுக்கும் பங்குண்டு. நெஞ்சிலே குழாயை வைத்து நெற்றியைச் சுருக்கினாலே போதுமல்லவா?

ஆனால் இதய வைத்தியர் இது தம்முடைய நோயன்று என்று கைவிட்ட பிறகு, நோயாளன் எங்கே போவான்? “உனக்கு ஒன்றுமில்லை” என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினான். அந்தச் சொல்லிலே ஆறுதல் ஒருநாள் நிற்கும். அடுத்த தாக்கு வந்ததும், வைத்தியர் எதையோ காணத் தவறிவிட்டார் என்ற ஐயம் முன்னிலும் பெரிதாக எழும்.

முடிச்சு அவிழ்ந்த இடம் நியூ யோர்க் நகரின் ஹில்சைட் வைத்தியசாலை. ரோலண்ட் கூன் என்னும் சுவிற்சர்லாந்து வைத்தியர், இமிப்பிரமின் என்னும் மருந்து மனச்சோர்வைத் தீர்ப்பதை 1957இல் அறிவித்திருந்தார். அம்மருந்தை 1959 முதல் ஹில்சைட்டிலே பரீட்சித்தவர் டொனல்ட் கிளைன். அங்கே சில நோயாளர் ஒரு நாளிற் பல தடவை தாதிமார் இருக்கும் இடத்துக்கு ஓடிவந்து, தாம் சாகப்போவதாகக் கதறுவர். தாதி கையைப் பிடித்து ஆறுதல் சொல்வாள். சிறிது நேரத்தில் அது தணிந்துவிடும். அமைதியூட்டும் மருந்துகளோ உளப்பகுப்போ அவர்களுக்குப் பயன்படவில்லை. கிளைன் இமிப்பிரமினைக் கொடுத்தார். சில வாரங்கள் சென்றன. சுகமுண்டா என்று நோயாளரைக் கேட்டால், இல்லை என்றனர். அவர்களோடு நாள்தோறும் உரையாடிய வைத்தியரும் மாற்றமொன்றும் தெரியவில்லை என்றனர். மாற்றத்தைக் கண்டுகொண்டவர்கள் தாதிமாரே: இவர்கள் இப்பொழுது ஓடிவருவதில்லையே என்றார்கள்!

இச்சிறு அவதானத்தைக் கிளைன் அலட்சியம் செய்யவில்லை. திடீர்த் தாக்குகள் நின்றுவிட்டன. அடுத்தது எப்போது வருமோ என்ற ஏக்கமும், வெளியே போக மறுக்கும் வழக்கமும் மாத்திரம் எஞ்சியிருந்தன. ஆகவே தாக்கு ஒன்று, அதை எதிர்பார்க்கும் அச்சம் இன்னொன்று. இரண்டும் ஒரே பொருளின் கூடுதல் குறைவு அல்ல என்று அவர் முடிவுசெய்தார். 1962இலும் 1964இலும் வெளியான அவருடைய கட்டுரைகள் முதலிற் பெரிதும் பொருட்படுத்தப்படவில்லை. 1967இல் பிட்சும் மக்குளூரும் சோடியம் லக்டேற் என்னும் உப்பின் கரைசலை நரம்பிலே செலுத்தியபோது, இந்நோயுள்ளவரிற் பெரும்பாலோருக்குத் தாக்கு எழுந்தது. நோயற்றவரில் மிகச் சிலருக்கே எழுந்தது. கோழைத்தனம் என்ற பழைய வசைக்கு இனி ஆய்வுகூடத்திலே இடமில்லாமற் போயிற்று. 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தனது நோய்ப்பட்டியலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, புரொய்டின் அச்ச நரம்புநோயைப் பிரித்து, அதன் ஒரு கூறுக்குப் பீதிக்கோளாறு என்ற தனிப்பெயரை வழங்கியது.

அப்பட்டியலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, பீதித்தாக்கு என்பது சில நிமிடங்களுக்குள் உச்சம் அடைவது. படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், மார்புநோவு, குமட்டல், தலைச்சுற்றல், கைகால் விறைப்பு, சாகப்போகிறேன் என்ற அச்சம், அறிவு கலங்கிவிடும் என்ற அச்சம் முதலிய 13 குறிகளுள் நான்கேனும் அதில் இருத்தல் வேண்டும். ஒருமுறை தாக்கு வந்தமையால் மட்டும் ஒருவருக்குப் பீதிக்கோளாறு என்று சொல்வதில்லை. காரணமின்றித் தாக்கு மீண்டும் மீண்டும் வந்து, அதைப்பற்றிய ஏக்கமோ அதற்கு அஞ்சி வழக்கங்களை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் அப்பெயர். கழுத்துச் சுரப்பியின் மிகை, இதயத்துடிப்பின் ஒழுங்கீனம், மிகுந்த கோப்பி, மதுவை விடும்போது வரும் நடுக்கம் ஆகியனவும் இதே வேடத்தைப் போடக்கூடும். ஆதலால் முதன்முறை நெஞ்சுநோவு வந்தால் வைத்தியரிடம் போகத்தான் வேண்டும். இதயத்தைப் பார்க்காமலே பயம் என்று சொல்லிவிடுவதும் முறையன்று.

இனிச் சிகிச்சை. 1986இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த டேவிட் கிளார்க், போல் வூட் தொட்டுக்காட்டிய சுழலை முழுமையாக வரைந்தார். உடலில் எழும் சாதாரண உணர்வொன்றை நோயாளர் பேராபத்தின் அறிகுறியாகக் கொள்கிறார். அந்த எண்ணம் அச்சத்தை எழுப்ப, அச்சம் அதே உணர்வைப் பெருக்குகிறது. விரைந்து மூச்சுவிட்டால் இரத்தத்திலே கரியமில வாயு குறையும். அதனால் தலை சுற்றும், விரல்கள் விறைக்கும். அதுவே மரணத்தின் அறிகுறியாகத் தோன்றிவிடுகிறது. நோயாளருடன் அமர்ந்து இந்த எண்ணத்தைப் பரிசோதிப்பதே அறிகைச் சிகிச்சை. மருந்துகளுள் இமிப்பிரமினின் இடத்தைச் செரட்டோனினோடு தொடர்புடைய புதிய மருந்துகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அவை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். உடனே அமைதி தரும் வேறு மாத்திரைகளும் உண்டு. எனினும் அவற்றை விடமுடியாமற் பழகிப்போகும் ஆபத்து இருப்பதால் நீண்டகாலம் கொடுக்க வைத்தியர் தயங்குவர். 312 நோயாளரைக்கொண்டு நடந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இமிப்பிரமினும் அறிகைச் சிகிச்சையும் வெற்று மாத்திரையைவிடப் பயன் தந்தன. சிகிச்சையை நிறுத்திய பின்னரும் அறிகைச் சிகிச்சையின் பயன் கூடுதலாக நிலைத்தது.

அச்சிகிச்சையின்போது நடப்பதைப் பார்த்தால், பழைய வரலாறு நினைவுக்கு வரும். நோயாளரை ஒரு நாற்காலியில் இருத்திச் சுழற்றுவார்கள். ஒடுங்கிய குழாயொன்றின் வழியாக மூச்சுவிடச் சொல்வார்கள். மாடிப்படிகளில் விரைந்து ஏறி இறங்கச் செய்வார்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை சுற்றும். அவர் அஞ்சியோடிய அதே உணர்வுகள்தாம். அவை வந்து, உச்சமடைந்து, தாமே தணிவதை அவர் அங்கேயே நின்று காண்கிறார். கொல்செஸ்டர் மைதானத்திலே தோமஸ் லூயிஸ் தம் வீரர்களை ஓடவிட்டபோது, அவர் அறிய விரும்பியது இதயத்தின் வலிமையை மாத்திரமே. ஓடி முடித்து மூச்சிரைக்க நின்ற அவ்வீரர்களுட் சிலராவது, தாம் சாகவில்லை என்பதையும் அன்றைக்கு அறிந்துகொண்டிருப்பார்கள்.