தாம்பரம் ரயிலும் இரண்டு அம்பிகாபதிகளும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய அதே 1931-ஆம் வருஷத்தில்தான் தமிழ்த்திரை ‘காளிதாஸ்’ மூலமாக வாய் திறந்து பேசிற்று. பின்னர் 1937-இல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, எல்லிஸ் ஆர். டங்கன் என்ற தமிழறியாத அமெரிக்கர் எடுத்த ‘அம்பிகாபதி’யும் வெளியாயிற்று. இளங்கோவனின் வசனத்தில் ஷேக்ஸ்பியருடைய ரோமியோவின் சாயை படிந்திருந்ததென்றால், அக்கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற மாணாக்கர் அதைக் கண்டு முகம் சுளித்திருப்பார்களா, மகிழ்ந்திருப்பார்களா? மகிழ்ந்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபது வருஷங்களுக்குப் பின், 1957-இல், ப. நீலகண்டன் அதே கதையைச் சிவாஜி கணேசனையும் பானுமதியையும் கொண்டு மறுபடி எடுத்தார். ஜி. ராமநாதனின் இசை அபாரந்தான். தொழில்நுட்பத்திலும் பிந்தையதே தேர்ச்சி பெற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், சிற்றின்ப வாசனையின்றி நூறு பாடல் பாடவேண்டுமென்ற நிபந்தனைக்குட்பட்டுக் கம்பன் மகன் அம்பிகாபதி சபையில் நிற்க, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு பூவாக எடுத்து வைத்துவந்த அவன் காதலி அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்தெண்ணி அவசரப்பட்டு எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில், முந்தைய படத்தின் நாயகரான தியாகராஜ பாகவதருக்குக் குரலும் முகமும் ஒருவருடையவையே. சிவாஜிக்கோ முகம் அவருடையது, குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது.