நகர உள்ளாட்சிப் பணியாளர் ஊதிய மறுஆய்வும் பணி நிலைப்பும் (தமிழ்நாடு)

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றில் வேலை பார்ப்போரின் சம்பளத்தைக் காலந்தோறும் திருத்துவதும், அவர்கள் வேலையை விட்டுப் போகாதபடி செய்யப்படும் ஏற்பாடுகளும் இத்தலைப்பில் அடங்கும். தூத்துக்குடி மாநகராட்சிக்கும், அதே மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் பேரூராட்சிக்கும் இந்த ஊதியத் திருத்தங்கள் பொது. செயல் அலுவலர், இளநிலை உதவியாளர், வரித்தண்டலர், குடிநீர்க் குழாய் திறப்பவர், தெருவிளக்குப் பணியாளர், தூய்மைப் பணியாளர் எனச் சில வகைப் பணியாளர்களைக் கொண்டே ஒரு பேரூராட்சி அலுவலகம் நடக்கிறது. இவர்களில் நிரந்தரப் பணியிடம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள வேறுபாடே இப்பொருளின் வரலாற்றில் பெரும்பகுதி.

சென்னை மாநகராட்சி 1688இல் அமைந்தது. மாகாணத்தின் பிற நகரங்களுக்கு 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டமே தொடக்கம்; அதன்படி தூத்துக்குடி 1866இல் நகராட்சியானது. 1871, 1884ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதிகாரங்களை விரித்தன. சம்பளம் அந்தந்த ஊரின் வரி வசூலிலிருந்தே கொடுக்கப்பட்டது. எனவே வசூல் குறைந்த ஊரில் சம்பளமும் குறைவாக இருந்தது.

ஏரல் போன்ற சிற்றூர்களுக்கு 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டம் பொருந்தியது. மாவட்ட வாரியம், தாலுகா வாரியம் ஆகியவற்றுக்குக் கீழே, ஓர் ஊரையோ பல ஊர்களையோ சேர்த்த யூனியன் என்ற அமைப்பை அச்சட்டம் ஏற்படுத்தியது. வீட்டு வரி தண்டி, தெருவைக் கூட்டி, விளக்கேற்றுவது அதன் வேலை. ஏரலின் தலைவர்களுள் இன்றும் பெயர் சொல்லப்படுபவர் அருணாசல நாடார். 1880இல் பிறந்த இவர் 1906 செப்டம்பர் 5 முதல் 1908 ஜூலை 27 வரை சேர்மனாக இருந்து, மறுநாள் ஆடி அமாவாசையன்று இறந்தார் என்பது கோயில் மரபு. அவர் வகித்தது நகராட்சித் தலைவர் பதவி என்று அம்மரபு கூறுகிறது. சட்டப்படி அது யூனியன் தலைவர் பதவியாக இருந்திருக்கலாம். ஆற்றங்கரையில் உள்ள சேர்மன் அருணாசல சுவாமி கோயிலில் ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் பெருந்திருவிழாக்கள். உள்ளாட்சிப் பதவியின் பெயரோடு ஒருவர் தெய்வமாக வணங்கப்படுவது தமிழ்நாட்டில் மிக அரிது.

அருணாசல நாடார் பதவியில் இருந்த காலத்திலேயே, 1908 மார்ச்சில், தூத்துக்குடியில் நகராட்சித் துப்புரவாளர்கள் வேலையை நிறுத்தினர். பிப்ரவரி 27இல் அவ்வூரில் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தம் கூலி உயர்வு பெற்று முடிந்திருந்தது. மார்ச் 12இல், அதை முன்னின்று நடத்திய வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதும் கடைகள் அடைக்கப்பட்டன. துப்புரவாளர்களும் வண்டிக்காரர்களும் வேலைக்கு வரவில்லை. திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம் தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். துப்புரவாளர் வேலைநிறுத்தத்தை அரசியல் எதிர்ப்பாகவே ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். மில் தொழிலாளர் கூலி உயர்வு பெற்ற சில நாட்களுக்குள் இது நடந்திருப்பதால், சம்பளக் குறையும் அதில் கலந்திருக்கக்கூடும். எவ்வாறாயினும், இப்பகுதியில் நகராட்சிப் பணியாளர் கூட்டாக வேலைநிறுத்தம் செய்ததற்கான பழைய பதிவுகளுள் இது ஒன்று.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நகராட்சிப் பணியமைப்பை அடுத்த பல பத்தாண்டுகளுக்கு வரையறுத்தது. நீதிபதி எஸ்.வரதாச்சாரியார் தலைமையிலான முதல் மத்திய ஊதியக் குழு 1947இல் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 55 ரூபாயைக் குறைந்தபட்சமாகக் கூறியது. அடுத்த ஆண்டு வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் உள்ளாட்சி வேலையும் இடம்பெற்றது.

மாநில அரசின் ஊதியக் குழுக்கள் 1960இல் தொடங்குகின்றன. முதல் ஐந்து குழுக்களின் திருத்தங்கள் முறையே 1960, 1970, 1978, 1984, 1988ஆம் ஆண்டுகளிலிருந்து நடைமுறைக்கு வந்தன. பின்னர் மத்திய அரசு ஊழியருக்கு நிகரான ஊதியம் என்ற கொள்கை ஏற்கப்பட்டு, மத்தியக் குழுவின் அறிக்கை வந்ததும் மாநிலத்தில் அலுவலர் குழு ஒன்று அதைப் பொருத்திக் கொடுக்கும் முறை வந்தது. இதனால் எண்ணிக்கையில் குழப்பம் உண்டு: 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தை மத்திய வரிசைப்படி ஏழாவது என்பாரும், மாநில வரிசைப்படி எட்டாவது என்பாரும் உள்ளனர்.

பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்ககம் 1981இல் ஏற்பட்டது. 2004இல் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை சிறப்பு நிலை ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006இல் மீண்டும் பேரூராட்சிகளாயின.

பணியாளரை நிலைக்கச் செய்ததில் சம்பள விகிதத்துக்கு இணையான பங்கு பதவி உயர்வு இல்லாதவருக்கான ஏற்பாடுகளுக்கு உண்டு. ஒரே பணியிடத்தில் 10 ஆண்டு முடித்தவருக்குத் தேர்வுநிலை, 20 ஆண்டு முடித்தவருக்குச் சிறப்புநிலை வழங்கப்படுகிறது. மேற்பதவி ஏதும் இல்லாத குழாய் திறப்பவருக்கு இவ்விரண்டு நாட்களும் பணிப்பதிவேட்டில் மிக முக்கியமானவை. பணியிலிருக்கும்போது இறந்தவரின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் வேலை, ஈட்டிய விடுப்புச் சரண், ஓய்வூதியம் ஆகியனவும் பணி நிலைப்புக்கான ஏற்பாடுகளே. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றப்பட்டனர். அரசு வேலையில் மக்கள் காட்டிய பற்றை இந்த மாற்றம் அளவுக்கு வேறெதுவும் குறைக்கவில்லை என்று ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து கூறிவருகின்றன. அதே ஆண்டு ஜூலையில் மாநில அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஆகஸ்ட் 6இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

2006ஆம் ஆண்டு தினக்கூலிப் பணியாளருக்கு ஒரு வாயிலைத் திறந்து விரைவிலேயே மூடியது. பிப்ரவரி 28ஆம் நாளிட்ட பணியாளர் துறை அரசாணை 22, அவ்வாண்டு ஜனவரி 1இல் 10 ஆண்டு முடித்திருந்த தினக்கூலியரைப் பணிவரன்முறை செய்ய வழிவகுத்தது. ஆறு வாரங்களுக்குள், ஏப்ரல் 10இல், உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் முறையான தேர்வின்றி வந்தவர்கள் நிரந்தரம் கோர முடியாது என்று கூறியது. ஒருமுறை விதிவிலக்காக, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற ஆணையின் துணையின்றி 10 ஆண்டு பணிபுரிந்தவரைக் கருதலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2013ஆம் ஆண்டின் அரசாணை 74, 2006 ஜனவரி 1க்குப் பின் 10 ஆண்டு முடிப்பவருக்கு இச்சலுகை இல்லை என்று தெளிவாக்கியது. சில மாதம் குறைந்ததால் விடுபட்டவர்கள் தொடர்ந்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் பல ஆண்டுகள் நடந்தன. தீர்ப்புகள் ஒரே திசையில் அமையவில்லை.

2009 ஜூன் 1இல் வந்த நிதித்துறை அரசாணை 234 கடைநிலைப் பணியாளருக்கு 4,800 ரூபாயில் தொடங்கும் ஊதியக் கட்டையும் 1,300 ரூபாய் தர ஊதியத்தையும் தந்தது. 2017 அக்டோபர் 11ஆம் நாளிட்ட அரசாணை 303 அதை எவ்வாறு மாற்றியது என்பதை ஒரு கணக்கில் காணலாம். இரண்டும் சேர்ந்த 6,100 ரூபாயை 2.57 ஆல் பெருக்கினால் 15,677 வரும். அட்டவணையில் அது 15,700 ஆக நிற்கிறது. ஆண்டு உயர்வு 3 விழுக்காடு என்பதால் 471 ரூபாய் கூடி, நூறுக்கு முழுமையாக்கப்பட்டு 16,200 ஆகும். ஒரு பேரூராட்சியில் புதிதாகச் சேர்ந்த நிரந்தரத் தூய்மைப் பணியாளரின் சம்பளப் பட்டியல் அந்த 15,700 ரூபாயிலிருந்துதான் தொடங்குகிறது; அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் தனி. திருத்தம் கருத்தியலாக 2016 ஜனவரி 1 முதல், பணப்பயன் 2017 அக்டோபர் 1 முதல் என்று வகுக்கப்பட்டதால், இடைப்பட்ட 21 மாத நிலுவை கிடைக்கவில்லை. அதைக் கோருவது சங்கங்களின் நிலையான கோரிக்கைகளுள் ஒன்றானது.

நிரந்தரப் பணியிடம் இல்லாதோர் கணக்கு வேறு. சுய உதவிக் குழு வழியாகவோ ஒப்பந்ததாரர் வழியாகவோ வருபவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தினக்கூலி பொருந்துகிறது. ஒரே வேலைக்கு அடுத்தடுத்த மாவட்டங்களில் வெவ்வேறு தொகை உண்டு. உள்ளாட்சி வேலைக்கான குறைந்தபட்சக் கூலியை இதைவிட உயர்வாக வகுத்த 2017ஆம் ஆண்டின் தொழிலாளர் துறை அரசாணை 62ஐ நடைமுறைப்படுத்தக் கோரிப் பல ஊர்களில் போராட்டங்கள் நடந்தன. தூத்துக்குடி வட்டாரத்தில் இக்கூலி துறைமுகம், ஆலைகள் தரும் கூலியோடு போட்டியிட வேண்டியுள்ளது. 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகத்தில் நிரந்தரத் தொழிலாளர் ஊதியம், பெருந்துறைமுகங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒப்பந்தத்தால் முடிவாகிறது.

2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளில் கடைநிலைப் பணிகள் பலவற்றை வெளி முகமைகளுக்கு மாற்றியது. செலவு குறையும் என்பது அரசின் வாதம். முகமையின் இலாபமும் வரியும் சேர்ந்தால் மிச்சம் இல்லை என்பது சங்கங்களின் வாதம். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களின் மழையில் தாமிரபரணி பெருகி ஏரல் துண்டிக்கப்பட்டபோது, கடைவீதிச் சேற்றை வாரிய வேலையில் பெரும்பங்கு தூய்மைப் பணியாளர்களுடையது.

2025 ஆகஸ்டில் சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குச் சென்றதை எதிர்த்து, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் நடந்த போராட்டம், 13ஆம் நாள் நள்ளிரவில் போலீசாரால் கலைக்கப்பட்டது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த ஊதியம் 17,000க்கும் கீழே இறங்கும் என்று தொழிலாளர் தரப்பு கூறியது. அதே ஆண்டு ஜனவரியில், காசியாபாத் நகராட்சித் தோட்டத் தொழிலாளர் வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஆண்டுக்கணக்கில் தற்காலிகப் பணியாளரை வைத்திருப்பதை நியாயப்படுத்த உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 அக்டோபரில் எட்டாவது மத்திய ஊதியக் குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இக்குழுவை ஒட்டித் தமிழ்நாட்டில் வரும் திருத்தமும் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் உள்ளவரையே சேரும். ஒப்பந்தக் கூலியில் தெரு கூட்டுவோருக்கு அரசு தனி ஆணை பிறப்பித்தாக வேண்டும்.