சேப்பாக்கத்தில் இரண்டு வலிகள்

கிரிக்கெட் பார்க்கும் நம் மக்களிடம் முடிவே இல்லாத சண்டைகள் சில உண்டு, இளையராஜாவா ரஹ்மானா என்பது போல. அதில் ஒன்று, அடிபட்டவன் ஆடலாமா கூடாதா என்பது. "டீமுக்காக உயிரைக் கொடுத்து ஆடினான்டா" என்று ஒரு கோஷ்டி. "உடம்பு போனா திருப்பி யார் தருவா?" என்று எதிர்க் கோஷ்டி. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் காலில் எலும்பு முறிந்த ரிஷப் பந்த் மறுநாள் நொண்டிக்கொண்டே படியிறங்கி வந்து அரைசதம் அடித்தபோது இரண்டு கோஷ்டியும் மறுபடி மோதிக்கொண்டன. அதற்கடுத்த ஓவல் டெஸ்டில் தோள்பட்டை விலகிய கிறிஸ் வோக்ஸ், ஒரு கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக இறங்கினார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. இங்கிலாந்து 6 ரன்னில் தோற்றது. சண்டை இன்னும் பெரிதானது.

இந்தச் சண்டைக்கு நம்ம சென்னையில் ஒரு நல்ல பழைய வரலாறு இருக்கிறது. ஒரே மைதானம், சேப்பாக்கம். நடுவில் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேல். இரண்டு பேர் வலியோடு ஆடினார்கள். ஒருவர் கதாநாயகன் ஆனார். இன்னொருவரை, கண்ணீர் விட்டு ரசித்தவர்களே இன்றுவரை குறை சொல்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் எனக்குக் கேள்வி. (கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்தருள்க.)

முதலாவது 1986 செப்டம்பர். ஆலன் பார்டர் தலைமையில் ஆஸ்திரேலியா வந்திருந்தது. செப்டம்பர் மாதச் சென்னையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஒரு பக்கம், கடல்காற்றின் புழுக்கம் ஒரு பக்கம், பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றம் ஒரு பக்கம். வியர்வை வழியும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காயாவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீரும் உப்பும் போகுமே தவிர சூடு இறங்காது.

மூன்றாவது ஆளாக இறங்கியவர் டீன் ஜோன்ஸ், விக்டோரியா மாநிலத்துக்காரர். அதற்கு முன் அவர் ஆடியது மொத்தமே இரண்டு டெஸ்ட், அதுவும் 1984-இல் வெஸ்ட் இண்டீஸில். இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த மூன்றாவது வாய்ப்பு இது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

சதம் தாண்டியதும் உடம்பு கைவிட ஆரம்பித்தது. தசை பிடித்துக்கொண்டது. மைதானத்திலேயே வாந்தி எடுத்தார், திரும்பி வந்து நின்று ஃபோர் அடித்தார், மறுபடி வாந்தி. சிறுநீர்கூடக் கட்டுப்படவில்லை என்பதை அவரே பின்னாளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 170 வாக்கில் எதிர்முனையில் இருந்த பார்டரிடம் போய், இனி முடியாது, வெளியே போகிறேன் என்றார். பார்டர் சொன்ன பதில் கிரிக்கெட் உலகத்தில் பிரசித்தம். உன்னால் முடியாவிட்டால் போ, நெஞ்சுறுதி உள்ள ஒரு குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிற அர்த்தத்தில் சொன்னார். அடுத்து இறங்க வேண்டிய கிரெக் ரிட்சி குயின்ஸ்லாந்துக்காரர். பார்டரும் அந்த மாநிலத்துக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார். மதுரைக்காரனிடம், "நீ போ, நான் ஒரு திருநெல்வேலிக்காரனை வச்சு முடிச்சுக்கறேன்" என்றால் எப்படி இருக்கும்? ஜோன்ஸ் நின்றார். 330 பந்து, எட்டு மணி நேரத்துக்கும் மேல், 210 ரன். அவுட்டாகி வெளியே வந்தபின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

ஆஸ்திரேலியா 574-க்கு 7 என்று டிக்ளேர் செய்தது. இந்தியா கபில்தேவின் 119 புண்ணியத்தில் 397. கடைசி நாள் 348 எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347-க்கு ஆல் அவுட். ஒரே ஒரு பந்து மிச்சமிருக்க, கிரெக் மாத்யூஸ் பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது டை. அந்த அவுட் சரியா தப்பா என்பதற்குத் தனியாக ஒரு சண்டை உண்டு. அதற்குள் போனால் இன்றைக்குத் திரும்ப முடியாது :-)

இப்போது யோசியுங்கள். மேட்ச் டை. ஜோன்ஸின் கடைசி நாற்பது ரன் இல்லாவிட்டால் ஆஸ்திரேலியா தோற்றிருக்கும் என்று ரசிகர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதனால் பார்டர் சொன்னது தலைமைப் பண்பு, ஜோன்ஸ் செய்தது வீரம். ஆனால் இந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. காயத்தால் வெளியே போகும் பேட்ஸ்மேன், பிறகு ஒரு விக்கெட் விழும்போது திரும்பி வந்து ஆட விதியில் இடம் இருக்கிறது. ஜோன்ஸ் போய் ஐஸில் படுத்து, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து வந்திருக்கலாம். "போ" என்றால் ஓடிப் போவது என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, வெப்பத்தாக்கு என்பது கால்வலி மாதிரி இல்லை. உடம்புச் சூடு ஓர் அளவைத் தாண்டினால் முதலில் குழம்புவது மூளை. தான் எவ்வளவு மோசமாக இருக்கிறோம் என்பதே அந்த ஆளுக்குத் தெரியாது. மாரத்தான் ஓட்டக்காரர்களும் ராணுவப் பயிற்சியில் இருப்பவர்களும் இப்படிச் செத்திருக்கிறார்கள். ஆக அன்றைக்கு ஜோன்ஸைக் காப்பாற்றியது வீரம் இல்லை, அதிர்ஷ்டம் என்பது என் அபிப்பிராயம். வீரம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அந்த வீரத்தைக் கேட்டு வாங்கியவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்திருக்கவில்லை என்கிறேன். மூன்றாவது டெஸ்ட் ஆடுபவன், இடம் உறுதி இல்லாதவன், கேப்டனிடம் இரண்டாம் முறை "முடியவில்லை" என்று சொல்லுவானா?

ஜோன்ஸ் அந்த இன்னிங்ஸைப் பற்றிக் கடைசிவரை பெருமையாகத்தான் பேசினார். மொத்தம் 52 டெஸ்ட் ஆடினார், கமெண்டரிக்காக இந்தியாவுக்கு வந்துகொண்டே இருந்தார், 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில் மாரடைப்பால் இறந்தார். அஞ்சலி எழுதிய அத்தனை பேரும் சென்னையைத்தான் முதலில் எழுதினார்கள்.

இரண்டாவது 1999 ஜனவரி. பாகிஸ்தான். எங்கள் வீட்டில் அப்பா தலைமுறையிடம் இந்த மேட்ச் பற்றி வாயைத் திறந்தால் சாப்பாடு ஆறிவிடும். இந்தியாவுக்கு இலக்கு 271. 6 ரன்னுக்கு 2 விக்கெட், 82-க்கு 5. அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். நடுவில் சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ரன்னுக்கும் முகம் சுளிப்பது டிவியில் தெரிந்தது. ரன்னர் வைத்துக்கொள்ளும் விதி அப்போது இருந்தது (2011-இல்தான் எடுத்தார்கள்). ஆனால் ரன்னர் ஓடத்தான் உதவுவார், பேட்டை அவரா வீசுவார்?

மோங்கியா போனபின், முதுகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாத நிலையில் சச்சின் அடித்து முடிக்கப் பார்த்தார். 254-இல் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரம் கையில் கேட்ச். 136 ரன். வேண்டியது 17, கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் 4 ரன்னில் போயின. 12 ரன் தோல்வி. ஆட்ட நாயகன் விருதை வாங்கக்கூட சச்சின் வெளியே வரவில்லை, டிரஸ்ஸிங் ரூமில் அழுதுகொண்டிருந்தார். சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்தும் பேசாதது, அதன்பின் வருடக்கணக்காக நடந்த விசாரணைதான். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல?" "அந்த ஷாட் தேவையா?" "மேட்சை முடிச்சுக் கொடுக்கத் தெரியாதவர்." மனுஷனுக்கு நேராக நிற்க முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, அதே மூச்சில் பொறுமை கேட்கிறார்கள். வலியால்தான் அந்த ஷாட் வந்தது. வலியை மட்டும் மெச்சிவிட்டு அது செய்ய வைத்ததைத் திட்டுவது என்ன நியாயமோ. ஜோன்ஸ் 180-இல் குழம்பிப் போய் அவுட்டாகி, ஆஸ்திரேலியா தோற்றிருந்தால் பார்டர் பெயர் என்ன ஆகியிருக்கும்? நாம் வலியைப் பற்றி விவாதிக்கவே இல்லை. ஸ்கோர்போர்டைப் பார்த்துவிட்டு வலிக்கு மார்க் போடுகிறோம்.

இரண்டுக்கும் இருக்கும் நிஜ வித்தியாசம் வேறு. சச்சினை யாரும் சீண்டவில்லை. சீண்டுகிற தைரியம் யாருக்கும் கிடையாது. நிற்பதா போவதா என்பது அவர் கையில் இருந்தது. ஆனால் 82-க்கு 5 என்று போர்டு காட்டுகிறது, மைதானம் முழுக்கத் தன் பெயர் ஒலிக்கிறது, எதிரே பாகிஸ்தான். அந்த நிலையில் "போகிறேன்" என்பது நிஜமாகவே ஒரு வழியா? பார்டர் ஒற்றை வாக்கியத்தில் செய்ததை இங்கே ஒரு தேசமே வாய் திறக்காமல் செய்தது.

இந்த இடத்தில் எனக்கு எங்க ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் வலியோடு வேலை செய்வது என்றால் என்ன என்று இந்தக் கடற்கரைக்குப் பல நூற்றாண்டாகத் தெரியும். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள், மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள், தண்ணீரின் அழுத்தத்தில் காதிலும் மூக்கிலும் ரத்தம் வரும், மேலே வந்து இளைப்பாறிவிட்டு மறுபடி இறங்குவார்கள். பிழைப்புக்காகச் செய்தது, அதை அழகுபடுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் படகில் இரண்டு ஏற்பாடு இருந்தது. ஒன்று, கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். "இன்னும் நாலு சிப்பி எடுத்துட்டு வா, இல்லாட்டி கீழக்கரைக்காரனை இறக்கறேன்" என்று பதில் சொல்ல முடியாது. இரண்டாவது, கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட மந்திரக்காரர். அவர் இல்லாமல் ஒருத்தரும் கடலில் இறங்க மாட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் சர்க்காரே அவருக்குக் கூலி கொடுத்தது. மந்திரத்தை விடுங்கள். படகுக்காரனும் அதிகாரியும் அல்லாத மூன்றாவது ஆள் ஒருவர், இன்றைக்கு இறங்காதே என்று சொன்னால் அது செல்லுபடியானது.

கிரிக்கெட்டுக்கு அப்படி ஒரு மூன்றாவது ஆள் கிடைக்க ரொம்ப நாள் ஆனது. 2014-இல் பிலிப் ஹ்யூஸ் பந்து பட்டு இறந்தபின் தலைக் காயத்தைப் பற்றிய பேச்சு மாறியது. 2019-இல்தான் டெஸ்டில் தலையில் அடிபட்டவருக்குப் பதில் வேறொருவர் ஆடலாம் என்ற விதி வந்தது. ஆடலாமா என்பதை இதில் டாக்டர் பார்த்துச் சொல்கிறார். அடிபட்டவர் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் செல்லாது. தலைக்கு மட்டும்தான் இது. மற்ற உறுப்பெல்லாம் பழைய கதைதான்.

2021 ஜனவரி சிட்னியில் நம்ம அஸ்வின் ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாத முதுகோடு 128 பந்து நின்றார். எதிரே தொடைத் தசை கிழிந்த ஹனுமா விஹாரி 161 பந்து. மேட்ச் டிரா. அன்று மத்திய அமைச்சராக இருந்த பாபுல் சுப்ரியோ, விஹாரி கிரிக்கெட்டையே கொன்றுவிட்டார் என்று ட்வீட் போட்டார், அதுவும் "ஹனுமா பிஹாரி" என்று! விஹாரி தன் பெயரை மட்டும் திருத்திப் பதில் போட்டார். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் இருவராலும் ஆட முடியவில்லை. நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அங்கே அறிமுகமானார்கள், இந்தியா ஜெயித்தது. நாம் வெற்றியைக் கொண்டாடுகிற அவசரத்தில் விஹாரியின் தொடையை மறந்தோம். 2023 டிசம்பரில் விஜய் ஹசாரே அரையிறுதியில் பாத்ரூமில் விழுந்து உதடு கிழிந்த நம்ம பாபா இந்திரஜித், வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு 64 அடித்தார். தமிழ்நாடு தோற்றது. தோற்றதாலோ என்னவோ அந்தப் படம் இரண்டு நாளைக்கு மேல் ஓடவில்லை.

பந்த் விஷயத்துக்குப் பிறகு பயிற்சியாளர் கம்பீர், பலத்த காயத்துக்கும் மாற்று ஆள் வேண்டும் என்றார். இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் அது அபத்தம், எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்றார். ஸ்டோக்ஸ் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. களைத்துப் போன பந்துவீச்சாளருக்கு ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். ஆனாலும் பி.சி.சி.ஐ. 2025-26 சீசனுக்கு உள்ளூர்ப் பல நாள் ஆட்டங்களில் மாற்று ஆளை அனுமதித்தது. நிபந்தனை: காயம் ஆட்டத்தின்போது, மைதானத்தில், வெளியிலிருந்து பட்ட அடியால் வந்திருக்க வேண்டும். எலும்பு முறிவு, ஆழமான வெட்டு, மூட்டு விலகல் போன்றவை.

அதாவது அதே விதியை அப்படியே பழைய மேட்சுகளுக்குப் போட்டுப் பார்த்தால் பந்துக்கு மாற்று ஆள் கிடைப்பார். பாத்ரூமில் விழுந்த இந்திரஜித்துக்குக் கிடைக்காது. முதுகு பிடித்த சச்சினுக்கும் கிடையாது. சேப்பாக்கம் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டு நின்ற டீன் ஜோன்ஸுக்கும் கிடையாது. அவர் இன்றைக்கும் பார்டரிடம்தான் போய்க் கேட்க வேண்டும்.