கைப்பிடி ஏன் அவ்வளவு காலம் தங்கியது?

பழைய அம்பாசடரின் கதவில் பவர் விண்டோ வைப்பது அந்தக் காருக்குச் செய்யும் துரோகம் என்று சொல்கிற கட்சி ஒன்று உண்டு. ஓசூர், பாகலூர் வட்டாரம் போல மோட்டார் தொழிலே மூச்சாக உள்ள ஊர்களில் இந்தக் கட்சிக்கு ஆள்பலமும் உண்டு. கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடி ஏற்றுவதுதான் அந்தக் காரின் குணம், அதைக் கழற்றினால் காரின் வரலாறும் கழன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அது சொல்வதை முழுவதும் கேட்டாக வேண்டும். இந்தியக் கார்களில் கைப்பிடி அத்தனை பத்தாண்டுகள் தங்கியதற்கு யாருடைய ரசனையும் காரணமல்ல. அடைத்துவைத்த சந்தையும், காருக்குள் கிடைத்த சொற்ப மின்சாரமும்தான் அதைத் தங்கவைத்தன.

மோட்டாரால் ஏறி இறங்கும் கண்ணாடி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1940இலேயே அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் உயர்ரகக் காரில் அதை வைத்தது. அப்போது எண்ணெய் அழுத்தம்தான் கண்ணாடியைத் தூக்கியது. மின்சாரம் பம்பை மட்டும் ஓட்டியது. போருக்குப் பிறகு மோட்டார் கதவுக்குள்ளேயே குடியேறியது, 1951இல் கிரைஸ்லர் இம்பீரியலில் அப்படி வந்தது. 1954இல் சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் செவர்லேயிலும் கூடுதல் காசு கொடுத்தால் கிடைத்தது. அதே 1954தான் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவைவிட்டு வெளியேறிய ஆண்டு. உதிரிகளை இறக்கிப் பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இனி இங்கே இடமில்லை, உள்நாட்டில் உற்பத்தி செய்பவர்களுக்கே அனுமதி என்று 1953இல் தீர்வை ஆணையம் காட்டிய வழியின் விளைவு அது. ஃபோர்டும் போனது. மிஞ்சியவர்கள் கல்கத்தா பக்கம் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. இவர்கள் செய்த கார்களின் மூலங்கள் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, ஃபியட் 1100, டிரயம்ஃப் ஹெரால்டு. மூன்றும் ஐரோப்பிய நடுத்தரக் குடும்பங்களுக்கான சிக்கன வண்டிகள். மூலத்தில் இல்லாத மோட்டார் நகலில் எங்கிருந்து வரும்? வாங்குகிறவன் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலத்தில், கதவுக்குள் மோட்டார் வைத்து அவனை மகிழ்விக்க எந்தத் தொழிற்சாலைக்கும் அவசியமில்லை. அம்பாசடருக்குள் டீசல் இன்ஜின் வந்தது, பிறகு 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வந்தது, முகப்பு பலமுறை மாறியது. ஆக, தொழிற்சாலையே அந்தக் காரைப் புனிதமாக வைத்திருக்கவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. இந்தியாவில் டிரைவர் கூலி மலிவு, கண்ணாடி ஏற்ற ஓர் ஆள் இருக்கும்போது மோட்டார் எதற்கு, அதனால்தான் வரவில்லை என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. அமெரிக்காவில் 1940, 41இல் முதலில் இந்த வசதி பெற்றவற்றில் டிரைவர் ஓட்டும் பேக்கார்டு, லிங்கன் கார்களும் உண்டு. பின்னிருக்கையில் சாய்ந்திருக்கும் முதலாளிக்கு அது ஒரு கௌரவச் சின்னம். ஆள் மலிவு என்பது மோட்டாரைத் தடுக்குமென்றால் அங்கேயே தடுத்திருக்க வேண்டும். இந்த மறுப்பில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. தனியாகக் கார் ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கக் கண்ணாடி கைக்கெட்டாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, சம்பளக்காரர்கள் தாங்களே ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் இந்தியாவில் அது பலருக்கும் தொல்லையாகத் தெரிந்தது. ஆனால் அந்த மாருதி 800இல்கூட உற்பத்தி நின்ற 2014 வரை கைப்பிடிதான். தேவை வந்துவிட்டால் மட்டும் மோட்டார் வந்துவிடாது, விலையும் இறங்க வேண்டும்.

விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓசூரைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் காலூன்றிய ஊர் இது. 1980இல் இங்கிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50ஐ மிதித்துத்தான் கிளப்ப வேண்டும். அதன் வாரிசான எக்ஸ்எல் 100க்கு 2018இல் பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி வந்தது. மூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயிக்கான வண்டி அது, ஆடம்பரத்தின் சாயல்கூட இல்லை. சிறிய மோட்டாரும் பேட்டரியும் மலிவானதும் கால் செய்த வேலை மோட்டாருக்குப் போனது. பெடலை எடுத்தது துரோகம் என்று பாகலூர் சாலையில் யாரும் கொடி பிடிக்கவில்லை. காரின் கைப்பிடிக்கு மட்டும் ஏன் இத்தனை கண்ணீர் என்று எனக்குப் புரிவதில்லை.

மின்சாரத்துக்கு வருவோம், இங்கேதான் விஷயம் கனமானது. பழைய பிரிட்டிஷ் வழிக் கார்களில் இருந்தது ஆல்டர்னேட்டர் அல்ல, டைனமோ. பரவலாகப் புழங்கிய லூகாஸ் டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது தருவது 22 ஆம்பியர், அதாவது 12 வோல்ட்டில் சுமார் 260 வாட். சிக்னலில் நின்றால் அதுவும் இல்லை, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். ஹெட்லைட், இக்னிஷன் காயில், வைப்பர் எல்லாம் இரவு மழையில் சேர்ந்து இழுத்தால் மிச்சம் அதிகம் இராது. காய்ந்துபோன சேனலில் கண்ணாடி சிக்கிக்கொண்டால் கதவு மோட்டார் ஒன்றே 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுங்கச்சாவடியில் நிற்கும்போதுதான் கண்ணாடியை இறக்க வேண்டியிருக்கும். டைனமோ கைவிடுவதும் அப்போதுதான். ஆகவே பவர் விண்டோ மாட்டும் வேலை கதவில் தொடங்குவதில்லை, பானெட்டுக்கு அடியில் தொடங்குகிறது. ஆல்டர்னேட்டர் மாற்றாமல், தனி ஃபியூஸும் ரிலேயும் போடாமல், பழைய வயரிங்கிலேயே நான்கு மோட்டாரைத் தொங்கவிட்டு, பிறகு பேட்டரியைக் குறை சொல்வது நியாயமல்ல. சேனல் ரப்பரும் புதிதாக வேண்டும். இறுக்கத்தைக் கை உணர்ந்து நிறுத்திக்கொள்ளும், மோட்டார் கியரை உடைத்துக்கொண்டு போகும். கதவுக் கீல் பக்கம் வயர் மடங்கி மடங்கி அறுபடாமல் ரப்பர் குழாய்க்குள் போக வேண்டும்.

சட்டமும் கைப்பிடிக் கட்சிக்குப் பெரிதாகத் துணை வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கண்ணாடியை எது ஏற்றுகிறது என்று அந்தச் சான்றில் ஒரு வரியும் கிடையாது. 2021இல் வந்த வின்டேஜ் விதி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளில் சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. கதவுத் தகட்டில் புதுத் துளை போடாமல் மோட்டார் பொருத்தும் வரை பிரச்சினை எழ வாய்ப்பு குறைவு. கைப்பிடிக்காரர்கள் சொல்லத் தவறும் வலுவான வாதம் வேறு. வண்டி தண்ணீரில் மாட்டி மின்சாரம் போனால் மோட்டார் கண்ணாடியை இறக்காது. மலிவு விலைக் கிட்டுகள் பலவற்றில், குழந்தையின் கை இடையில் வந்தால் தானே திரும்பி இறங்கும் ஏற்பாடும் இல்லை. இவற்றை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் முன்கதவு இரண்டுக்கு மட்டும் மோட்டார் வைத்து, பின்கதவுகளில் கைப்பிடியை விட்டுவைப்பதே சரியென்று படுகிறது. தனியாக ஓட்டுகிறவருக்கு அடிக்கடி வேண்டியவை அந்த இரண்டும்தான். மின்சாரம் போனால் வெளியேற பின்கண்ணாடிகள் இருக்கும். ஆல்டர்னேட்டரின் சுமையும் பாதியாகும். கழற்றிய கண்ணாடி ரெகுலேட்டரையும் கைப்பிடியையும் எண்ணெய் தடவி எடுத்துவைத்தால், அடுத்து வாங்குகிறவர் விரும்பினால் ஒரே நாளில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.