இருங்காட்டுக்கோட்டையின் குடும்ப வண்டி: கிரெட்டா வந்த வழி

நம் ஒர்க்‌ஷாப் உரிமையாளர் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் ஒரு காரின் வரலாறும் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழு முடிவு செய்தபோது, அம்பாசடர், சாண்ட்ரோ என்று பல பெயர்கள் வந்தன. அவற்றைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஹூண்டாய் கிரெட்டாவை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் தொழில் எப்படி மாறியது என்பதை இந்த ஒரு வண்டியை வைத்தே சொல்லிவிட முடியும் என்பதுதான். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் தயாராகும் வண்டி என்பது கூடுதல் உரிமை.

கிரெட்டாவுக்கு முன்பிருந்த நிலையை இளைய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். எஸ்யூவி என்றால் அப்போது பொலிரோ, ஸ்கார்ப்பியோ, சஃபாரி. லாரிக்கு இருப்பதுபோல அடியில் தனி சேஸ், அதன் மேல் பாடி. ஏறுவதற்குக் கைப்பிடி வேண்டும், வளைவில் ஆட்டம் கொடுக்கும். கட்சிக்காரர்களும் கான்ட்ராக்டர்களும் அதில் போனார்கள்; குடும்பத்தோடு போகிறவர்கள் செடான் வாங்கினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டியை இந்தியாவுக்குப் பழக்கியது சென்னையைச் சுற்றியுள்ள மூன்று தொழிற்சாலைகள் என்பது நம்மில் பலர் கவனிக்காத செய்தி. 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. 2013 ஜூனில் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வந்தது. 2015 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கிரெட்டா. மூன்றுமே காரைப் போல ஒரே கூடாக அமைந்த பாடி கொண்டவை. உயரம் மட்டும் கூடுதல். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்த வகைக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். நம் ஊரில் ஷோரூம்காரரும் வாடிக்கையாளரும் எஸ்யூவி என்றே சொல்லிவிட்டார்கள், நாமும் அப்படியே சொல்கிறோம்.

ஹூண்டாய்க்கு இது முதல் எஸ்யூவி அல்ல. 2003இல் டெராக்கன், 2005இல் டூசான், 2010இல் சான்டா ஃபே என்று ஒவ்வொன்றாக இந்தியாவில் இறக்கிப் பார்த்தார்கள். நல்ல வண்டிகள்தாம், ஆனால் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவில்லை. நம்மில் எத்தனை பேர் டெராக்கனின் பானெட்டைத் திறந்திருப்போம்? விரல்விட்டு எண்ணிவிடலாம். 1998இல் சாண்ட்ரோவை விற்று இந்தியாவில் காலூன்றிய கம்பெனி, எஸ்யூவி விஷயத்தில் வாடிக்கையாளரின் பட்ஜெட்டைப் புரிந்துகொள்ள இத்தனை வருடங்கள் எடுத்துக்கொண்டது.

2014இல் சீனாவில் ஐஎக்ஸ்25 என்ற பெயரில் வந்த வண்டியே கிரெட்டாவுக்கு அடிப்படை. 2015 ஜூலை 21 அன்று இந்தியாவில் அறிமுகமானபோது ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை 8.59 லட்ச ரூபாய். 1.6 பெட்ரோல், 1.4 டீசல், 1.6 டீசல் என மூன்று எஞ்சின்கள். நீளம் 4,270 மில்லிமீட்டர். 2016ஆம் ஆண்டுக்கான இந்தியன் கார் ஆஃப் தி இயர் விருதும் கிடைத்தது.

அந்த 1.6 டீசலைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போக முடியாது. 128 பிஎஸ் சக்தி. நான்கு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறிய பிறகு, ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறினாலும் திணறாது. அந்த விலைக்கு ஆட்டோமேட்டிக் கியரோடு அப்படி ஒரு டீசல் கிடைத்தது அப்போது பெரிய விஷயம். டைமிங் பெல்ட் இல்லை, செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் எஞ்சினுக்குள் கை வைக்கும் வேலையே வராது. நம் தொழிலுக்கு அது நஷ்டம் என்று வேடிக்கையாகச் சொல்வோம். பத்தாண்டு முடிந்த அந்த வண்டிகளைக் கைமாற்றும்போது இப்போதும் டீசல் ஆட்டோமேட்டிக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

ஆனால் கிரெட்டாவைக் குடும்ப வண்டி ஆக்கியது எஞ்சின் மட்டும் அல்ல. வண்டி பார்க்க வரும் குடும்பத்தைக் கவனித்தால் தெரியும். மகன் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பார், மருமகள் டிக்கியைத் திறந்து பார்ப்பார். முழங்கால் வலிக்கார அம்மா பின்கதவைத் திறந்து, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைப்பார். செடானில் அவர் பள்ளத்தில் இறங்க வேண்டும். பழைய எஸ்யூவியில் ஏற வேண்டும். கிரெட்டாவின் இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்குச் சரியாக வரும். அந்த அம்மா தலையசைத்தால் புக்கிங் முடிந்தது. அதற்குப் பின் வந்த மாற்றங்களில் பாதி அந்த அம்மாவுக்காகவே செய்யப்பட்டவை என்பது என் கணிப்பு.

2018 மே மாதம் முகம் மாற்றிய கிரெட்டா வந்தது. எஞ்சின்கள் பழையவையே, புதிதாக வந்தது சன்ரூஃப். வெயில் கொளுத்தும் வேலூரிலும் திருச்சியிலும் கூரையைத் திறந்துகொண்டு போகிறவர் யார் என்று அன்று கேலி செய்தோம். யாரும் போகவில்லை, ஆனாலும் சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டை வாங்க ஆள் குறைந்துபோனது. குழந்தைகள் தலையை வெளியே நீட்டி நிற்பதைப் பார்த்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது. திடீர் பிரேக் ஒன்று போதும். உறுப்பினர்கள் வண்டியை டெலிவரி கொடுக்கும்போது வாடிக்கையாளரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

2019 ஆகஸ்ட்டில் ஆந்திராவின் பெனுகொண்டாவிலிருந்து கியா செல்டோஸ் வந்தது. ஹூண்டாயின் சொந்தக் குழுமத்துப் பங்காளியே போட்டிக்கு வந்துவிட்ட நிலை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதி கட்டாயம். இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவே பிறந்ததுதான் இரண்டாம் தலைமுறை. 2020 பிப்ரவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள். மார்ச் மாத நடுவில் 9.99 லட்சத்துக்கு விற்பனையைத் தொடங்கினார்கள். அடுத்த வாரமே நாடு முழுக்க ஊரடங்கு. தொழிற்சாலை மூடி, மே 8 அன்றுதான் மறுபடி திறந்தது. இவ்வளவுக்கும் பிறகு, அந்த மே மாதத்தில் இந்தியாவிலேயே அதிகம் விற்ற கார் கிரெட்டா. எண்ணிக்கை வெறும் 3,212தான். கடை திறந்திருந்த நாட்களே கொஞ்சம். ஆனால் மாருதி அல்லாத ஒரு வண்டி முதலிடத்தில் நின்றது பல வருடங்களுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

பழைய மூன்று எஞ்சின்களும் போய், 1.5 பெட்ரோல், 1.5 டீசல், 1.4 டர்போ பெட்ரோல் வந்தன. 1.6 ஏன் 1.5 ஆனது என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். மாசு விதி ஒரு காரணம். அன்றைய ஜிஎஸ்டி கணக்கையும் பார்க்க வேண்டும். 1,500 சிசிக்கு மேல் போன பெரிய எஸ்யூவிக்கு செஸ் சேர்த்து வரி 50 சதவீதம். அதற்குள் இருந்தால் 45. பழைய டீசல் 1,582 சிசி, புதியது 1,493 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வித்தியாசமும் போய், இந்த அளவு வண்டிகளுக்கெல்லாம் 40 சதவீதம் என்று ஆகிவிட்டது.

இரண்டாம் தலைமுறையின் முகம் பலருக்குப் பிடிக்கவில்லை. விளக்கை இரண்டாக உடைத்து மேலும் கீழும் வைத்ததை நானும் ரசித்தவன் அல்ல. பின்சீட்டில் உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்குச் சாயும் முதுகு, தலைக்குக் குட்டித் தலையணை, ஜன்னலுக்கு இழுத்துவிடும் திரை, மேலே கூரை முழுக்கக் கண்ணாடி. முன்சீட்டுக்குக் காற்று வரும் இருக்கை. காரின் நீளம் 4,300 மில்லிமீட்டர். அதாவது முந்தையதைவிட 30தான் அதிகம். 2024இல் இன்னொரு 30 கூடி 4,330. பத்தாண்டில் மொத்தமே ஆறு சென்டிமீட்டர். நம் தெருக்கள் அகலமாகவில்லை, வீட்டு கேட்டும் பெரிதாகவில்லை என்பதை அறிந்து செய்த வேலை இது. மூன்று வரிசை இருக்கை வேண்டியவர்களுக்காக 2021 ஜூனில் அல்கசார் என்று நீட்டி ஒரு வண்டி தனியாக விட்டார்கள். கிரெட்டாவை அதற்காக இழுத்துக் கெடுக்காதது புத்திசாலித்தனம்.

பாராட்டோடு நிறுத்தினால் இது விளம்பரம் ஆகிவிடும். 2022 ஏப்ரலில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற கிரெட்டாவை மோதிச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம், குழந்தைகளுக்கும் மூன்று. சோதித்தது இரண்டு ஏர்பேக் கொண்ட வண்டி. பாடிக்கூடு நிலையாக இல்லை என்று அறிக்கை சொன்னது. மோதிய வண்டிகளை டிங்கரிங் செய்கிற நமக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். ஜன்னல் திரைக்கும் கூரைக் கண்ணாடிக்கும் போட்ட பணத்தில் கொஞ்சம் இரும்புக்கும் போட்டிருக்கலாம் என்பது என் தீர்ப்பு. அதன் பிறகு 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லா மாடல்களிலும் எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று அறிவித்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு.

2024 ஜனவரி 16 அன்று வந்த மறுவடிவம் ஏறக்குறைய புது வண்டிதான். முகம் முழுக்க மாறியது. 1.4 டர்போவுக்குப் பதில் 160 பிஎஸ் தரும் 1.5 டர்போ. ஆரம்ப விலை 11 லட்சம். 2015இன் விலையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த மாதம், இந்தியாவில் விற்ற கிரெட்டாக்கள் 10 லட்சத்தைத் தாண்டின.

நமக்கு முக்கியம், டாப் எண்ட் வண்டிகளில் வந்த லெவல்-2 அடாஸ் என்ற ஓட்டுநர் உதவி அமைப்பு. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன் பம்பர் பக்கம் ஒரு ரேடார். குறுக்கே வண்டி வந்தால் தானே பிரேக் போடும், கோடு மாறினால் ஸ்டீயரிங்கைத் திருத்தும். இத்தனை வருடம் முன்கண்ணாடி உடைந்தால் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டி, மறுநாள் காலை வண்டியை விட்டுவிடுவோம். இனி கண்ணாடி மாற்றினால் கேமராவைக் கேலிப்ரேட் செய்ய வேண்டும். ரேடார் ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் அது பார்க்கும் இடம் மாறிவிடும். பம்பரைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்தால் போதும் என்று நினைக்கும் உறுப்பினர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

டீசல்காரர்களுக்கும் ஒன்று. எந்தக் கம்பெனியின் பிஎஸ்-6 டீசலாக இருந்தாலும் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கித் திரும்பும் ஓட்டத்தில் அதில் கரி சேர்ந்துகொண்டே போகும். சூடு ஏறினால்தான் எரியும். டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி வரும் வண்டிக்கு முதல் வைத்தியம், பைபாஸில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வது. சென்ஸரைக் கழற்றுவதோ டிபிஎஃப்பைக் குடைந்து எடுப்பதோ சட்டவிரோதம். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் வாங்கச் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 17 அன்று கிரெட்டா எலெக்ட்ரிக் வந்தது. 42 கிலோவாட்-அவர், 51.4 கிலோவாட்-அவர் என இரண்டு பேட்டரி. அறிமுகத்தின்போது ஏஆர்ஏஐ சோதனைக் கணக்கில் 390, 473 கிலோமீட்டர். சாலையில் அதைவிடக் குறையும், எந்த எலெக்ட்ரிக்கும் அப்படித்தான். ஆரம்ப விலை 17.99 லட்சம். பேட்டரிப் பெட்டியை இங்கேயே சேர்த்துக் கட்டுகிறார்கள். உருவம் பெட்ரோல் கிரெட்டாவேதான். முன்பக்க கிரில்லை மூடி, சார்ஜ் ஓட்டையை அங்கே வைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரிக்குக்கென்று விசித்திரமான வடிவம் செய்யாமல், ஏற்கெனவே நம்பிய வண்டிக்குள்ளேயே மோட்டாரை வைத்தது விற்பனைக்குச் சரியான வழி.

மூன்று தொழிற்சாலைகள் என்று தொடங்கினேன். மறைமலைநகரில் ஃபோர்டின் கடைசிக் கார் 2022இல் வெளியே வந்தது. முதல் டஸ்டரும் 2022இல் நின்றது. மூவரில் இடைவிடாமல் ஓடியது கிரெட்டா மட்டும். 2024இல் மட்டும் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

அந்த வண்டிகள் உத்தரவாதம் முடிந்து ஒன்றன்பின் ஒன்றாக நம் ஷெட்டுகளுக்குத்தான் வரும், எலெக்ட்ரிக்கும் சேர்த்து. ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது என்பதைக்கூட நம் பையன்களில் பலருக்கு இன்னும் யாரும் சொல்லித் தரவில்லை. இந்த விழாவில் மிச்சமாகும் பணத்தை ஷீல்டுகளுக்கும் பொன்னாடைகளுக்கும் செலவிடாமல், உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கும், இரண்டு ஜோடி இன்சுலேட்டட் கையுறைக்கும், அடாஸ் கேலிப்ரேஷன் கருவிக்கான முன்பணத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.