பக்கவாத்தியங்களின் அரங்கேற்றம்

விருது பெற்ற படைப்பைப் போற்ற ஊரே திரளும். விருதுக்கு எட்டாமல் ஒதுங்கிய படைப்பை நினைவில் வைத்திருப்பது நம்மைப் போன்ற சிறு வட்டங்களின் கடமை. 2024 பிப்ரவரியில் ‘சக்தி’ இசைக்குழுவின் ‘திஸ் மொமெண்ட்’ கிராமி விருது பெற்றபோது சென்னை மகிழ்ந்தது. அப்பெருமைக்கு வேராக அமைந்த பழைய இசைத்தட்டு ஒன்று மட்டும் அன்றும் பேசப்படவில்லை. 1976-இல் லண்டனில் பதிவான அதன் பெயர் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. தமிழில் ‘கையளவு அழகு’ எனலாம்.

அதன் பின்னணியை அறிவது நலம். ஆங்கிலேயரான ஜான் மெக்லாக்லின், 1971-இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வைத் தொடங்கி மின்கிதாரின் முழக்கத்தால் ஜாஸ், ராக் ரசிகர்களைக் கவர்ந்தவர். அவரே பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். ‘சிலப்பதிகாரத்து இசைநுணுக்க விளக்கம்’ எழுதிய, 1985-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற அதே இராமநாதன்தான். இளங்கோவடிகளின் இசையை ஆராய்ந்த தமிழறிஞர் ஒருவரின் மாணாக்கர் கண்ட குழு இது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

குழுவின் முதல் தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி அரங்கொன்றில் பதிவானது. அதில் ராம்நாட் ராகவன் மிருதங்கம் வாசித்தார். இரண்டாம் தட்டில் அவர் இல்லை. மெக்லாக்லினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் என நால்வர் மட்டுமே.

அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்துகையில், கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒழுகும் முறையை மாணவியர்க்கு விளக்குவேன். குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் தொடர்ந்து செல்லும் அழகிய ஒழுங்கு அது. நம் சபா மேடைகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பாடகர் நடுவே அமர்வார். வயலின் அவரைத் தொடரும். மிருதங்கத்தின் பின்னே கடம் வரும். கடத்திற்கு உபபக்கவாத்தியம் என்றே பெயர். 1966-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது விநாயக்ராம் இருந்த இடமும் அதுவே.

இந்த இசைத்தட்டில் அவ்வரிசை கலைகிறது. நடுவே அமரப் பாடகர் இல்லை. தொடர்ந்து செல்வதையே தொழிலாகக் கொண்ட வயலினும் தபலாவும் கடமும் நேர்நின்று உரையாடுகின்றன. கிதாரும் தன் முழக்கத்தை விட்டு, மின்சாரமின்றி, சுருதித் தந்திகளைச் சேர்த்துக்கொண்டு, குழித்த மெட்டுகளில் வீணைபோல் கமகம் பேசுகிறது. வேந்தனாக இருந்தது இறங்கி வர, பக்கத்தில் இருந்தவை எழுந்து வருகின்றன. இரண்டும் ஓரிடத்தில் சந்திப்பதே இத்தட்டின் சாதனை.

கவிஞர்களுக்கு இதில் தனிச்செய்தி உண்டு. முதல் உருப்படியான ‘லா டான்ஸ் து பொனெர்’ கருவியால் தொடங்கவில்லை, கொன்னக்கோலால் தொடங்குகிறது. அகராதிப் பொருளற்ற சொற்கட்டுகள் ஓசையினாலேயே மகிழ்ச்சியைப் பொருளாக்குகின்றன. தொல்காப்பியர் வண்ணங்கள் இருபது என வகுத்ததும், அருணகிரியார் சந்தத்தில் ஆழ்ந்ததும் வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஓசையை உதறிவிட்ட இன்றைய கவிதை இதைச் சற்றே செவிமடுக்கலாம்.

பிறகு ஏன் இது மறக்கப்பட்டது? ராக் ரசிகர்கள் மின்கிதாரின் இடியைத் தேடி ஏமாந்தனர். மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் கச்சேரி முறைக்குள் அது அடங்கவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற ஏளனமே இத்தகைய முயற்சிகளுக்குக் கிட்டும். 1977-இல் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ என்ற மூன்றாம் தட்டுடன் குழுவின் முதற்பருவம் ஓய்ந்தது.

விதை மட்டும் அழியவில்லை. 2024-இல் விருது பெற்ற குழுவில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜாகிர் உசேன் மறைந்தார். பழைய நால்வரணி இனி ஒருபோதும் ஒன்றாக அமராது. எஞ்சியிருப்பது அந்த ஒலிப்பதிவு. பத்தாண்டுகளாகப் பிறர் கவிதைகளுக்குச் செவி கொடுத்துவரும் நம் வட்டம், ஒரு மாலையை அந்த மண்பானையின் குரலுக்கும் ஒதுக்கட்டும்.