ஆர்ட்டீமியா வளர்ப்பு

ஆர்ட்டீமியா வளர்ப்பு என்பது, உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிறு ஓட்டுடலியை இறால், மீன் குஞ்சுகளுக்கு உயிருணவாகப் பெருக்கும் தொழில். இவ்வுயிரி செவுட்காலிகள் வகுப்பைச் சேர்ந்தது. முதிர்ந்தது ஏறத்தாழ 1 செ.மீ. நீளம் இருக்கும்.

சூழல் கெடும்போது இது கடினத் தோலுடைய உறங்குமுட்டைகளை இடுகிறது. உலர்ந்த நிலையில் இவை ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. தொழில் நிலைபெற்றதற்கு இதுவே காரணம். கூம்படித் தொட்டியில் 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள உவர்நீரில் இட்டு, வெளிச்சமும் இடைவிடாக் காற்றோட்டமும் தந்தால் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிக்கின்றன. காற்றை நிறுத்தியதும் வெற்றோடுகள் மேலே மிதக்க, ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் ஒளிபடும் அடிப்பகுதியில் திரள்கின்றன. குழாய் திறந்து வலைத்துணியில் வடிக்கலாம். ஓடு கலந்தால் இறால் குஞ்சின் குடல் அடைபடக்கூடும் என்பதால் இப்பிரிப்பில் கவனம் தேவை. ஆர்ட்டீமியாக் குஞ்சுகளின் கரு உணவு தீருமுன் அவற்றை ஊட்டுவதே சத்து மிக்கது.

1930களில் மீன் குஞ்சுகளுக்கு இதன் பயன் கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரி முதன்மை மூலமாயிற்று. தமிழ்நாட்டில் தூத்துக்குடி உப்பளங்களில் ஆணின்றிப் பெருகும் இனம் பதிவாகியுள்ளது. விழுப்புரம் மாவட்டத்தில் இதற்குரிய உப்பளங்களும், இதை வாங்கும் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களும் மரக்காணம் கடற்கரையில் உள்ளன. 1987இல் தொடங்கிய சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இத்துறைக்குரிய தேசிய நிறுவனம்.